அறுபத்தோராம் பக்கம்

உர்சுலா வரைந்து வைத்திருந்த வழிப்படத்தில் ஒரு பக்கம் மட்டும் தனியாக நின்றது.

சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தப் பெரிய தாள். வட்டங்கள், வட்டங்களுக்குள் எண்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். ‘செங்கழுநீர்க் கோட்டை மர்மம்’ என்ற சிறுவர் விளையாட்டுப் புத்தகத்துக்கான படம் அது. ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம் வாழும் கோட்டையில் முத்துமாலை காணாமல் போகிறது. படிக்கிற பிள்ளைதான் துப்பறிய வேண்டும். மாடிப்படி ஏறினால் பக்கம் 12க்குப் போ, கிணற்றடிக்குப் போனால் பக்கம் 27க்குப் போ என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வழி போட்டிருக்கும். தப்பான வழியில் போனால் நிலவறையில் விழுந்து சாக வேண்டியதுதான். அச்சுக்குப் போகும் முன் எல்லா வழியிலும் நடந்து பார்த்து, எந்த அம்பும் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடாமல் பார்த்துக்கொள்வது உர்சுலாவின் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட பிழை திருத்த முதலில் பென்சிலைத்தான் தேடுவாள்.

அறுபது பக்கங்களுக்கும் அம்புகள் சரியாக இருந்தன. 61க்கு மட்டும் எங்கிருந்தும் அம்பு வரவில்லை. அங்கிருந்து எந்த அம்பும் வெளியே போகவும் இல்லை.

புத்தகத்தை எழுதிய அருளானந்தத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். வயதானவர், மறதிக்காரர். “நான் அறுபதுதான் எழுதினேன்மா,” என்றார் அவர். “அதுக்கு மேல எழுத எனக்கு என்ன இருக்கு?” உர்சுலா சிரித்துக்கொண்டே சரி அங்கிள் என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுதியதை மறப்பது அவருக்குப் புதிதல்ல.

61ஆம் பக்கத்தில் நான்கே வரிகள் இருந்தன. இது பந்திக்கூடம். இங்கே யாரும் வருவதில்லை. நீ வந்துவிட்டாய். உட்கார். கீழே பக்கம் முழுக்கப் படம். நீண்ட மேசையைச் சுற்றிப் பதினொரு பிள்ளைகள், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. பன்னிரண்டாவது நாற்காலி காலி. பிள்ளைகள் அத்தனை பேரும் வலது கையின் சுட்டுவிரலை மேசைமேல் நீட்டி வைத்திருந்தார்கள். ஏன் அப்படி வரைந்தார்கள் என்று உர்சுலாவுக்குப் புரியவில்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் அச்சில் அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கும். திங்கட்கிழமை அச்சு. வழியில்லாத பக்கத்துக்கு ஒரு வழி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 38ஆம் பக்கத்தில் கோபுர அறையில் இரண்டு கதவுகள் இருந்தன. அதன் அடியில் பென்சிலால் எழுதினாள்: மூன்றாவது கதவைத் திறந்தால், பக்கம் 61க்குப் போ. வழிப்படத்திலும் ஓர் அம்பைப் போட்டாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை மாலை நாலரை மணி. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் பதினோராவது மாடி வீடு. மதியம் பிடித்த மழை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குமாடி புளோக் கூடத் தெரியாமல் சாம்பலாகிவிட்டது, கீழே பூக்கடையிலிருந்து எப்போதும் ஏறிவரும் மல்லிகை வாசனையையும் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. கணவன் டாரியஸ் கிராஞ்சியில் தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியில் வேலை முடிந்து வர ஏழாகும். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, ஒன்பது வயது மகள் லொரைன் புத்தகத்தின் ப்ரூஃப் பிரதியை விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா சரிபார்க்கும் புத்தகத்துக்கெல்லாம் அவள்தான் முதல் ஆட்டக்காரி.

இந்தப் புத்தகங்களை ஆடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும் பழக்கம் அவளுக்கும் உண்டு. அடுத்த பக்கத்துக்குப் போகுமுன், இருந்த பக்கத்தில் ஒரு விரலைச் செருகிக்கொள்வாள். செத்துப்போனால் திரும்பி வர. சில நாள் மூன்று விரல்கள் மூன்று பக்கங்களில் மாட்டிக்கொண்டிருக்கும். உர்சுலாவுக்கு இது அறவே பிடிக்காது. சோதிக்கிற ஆள் நேர்மையாக ஆடினால்தான் குறை தெரியும் என்பாள்.

“மம்மி, இந்த ரூம் ஒரு மாதிரி ஸ்மெல் அடிக்குது,” என்றாள் லொரைன்.

உர்சுலாவுக்கும் அடித்தது. பழைய சுண்ணாம்பு, வௌவால் எச்சம், ரொம்ப நாள் மூடிக்கிடந்த ஈரம். மழைக்குச் சுவர் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள். பிள்ளை 38இல் இருந்தாள். மூன்றாவது கதவு. தான் போட்ட புது வழி வேலை செய்கிறது என்று உர்சுலாவுக்குச் சின்ன சந்தோஷம். லொரைனின் சுட்டுவிரல் பக்கத்துக்குள் ஆழமாகச் செருகியிருந்தது.

“விரலை எடு.”

“இந்த ஒரு விரல் மட்டும் மம்மி, ப்ளீஸ் லா. பிடிக்கலன்னா திரும்பி வந்துடுவேன்.”

“எடு கண்ணு. செத்தா மொதல்லேர்ந்து ஆடணும். அதான் ரூல்.”

லொரைன் அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

உர்சுலா மைலோ கலக்க அடுப்படிக்குப் போனாள். பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று. கரண்டியால் கலக்கிக்கொண்டே, தொழில் பழக்கத்தில் அவள் எண்ணினாள். முப்பது. நாற்பது. 38இலிருந்து 61க்குப் பத்துப் பன்னிரண்டு தாள்தான்; அதற்கு அப்புறம் அந்தப் புத்தகத்தில் இரண்டு தாள்கூட இல்லை. எழுபது. கரண்டி நின்றது. தாள்கள் நிதானமாகப் புரண்டுகொண்டே இருந்தன, யாரோ நீண்ட நடைவழியில் வெறுங்காலோடு நடப்பது போல. பிறகு நின்றன. மழைச் சத்தமும் எங்கோ தள்ளிப் போயிற்று.

“லொரைன்?”

கூடத்தில் புத்தகம் மட்டும் விரிந்து கிடந்தது.

படுக்கையறை. குளியலறை. கட்டிலுக்கு அடியில். அலமாரிக்குள். வாசல் கேட் உள்ளே பூட்டியபடி இருந்தது, சாவி கிண்ணத்தில் இருந்தது, லொரைனின் செருப்பு ஜோடியாக இருந்தது. ஜன்னல்கள் கொக்கி மாட்டியே இருந்தன. கேட்டைத் திறந்து வெளியே ஓடிப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டு முனீரா தலையை நீட்டி, பிள்ளை வெளியே வரவே இல்லையே என்றாள். டாரியஸுக்குப் போன் போட்டாள். நல்லா தேடு, எங்கேயாவது ஒளிஞ்சி வெளையாடுவா என்றான் அவன். அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது சுண்ணாம்பு வாடை வீடு முழுக்க நிறைந்திருந்தது.

புத்தகம் 61இல் விரிந்திருந்தது. அதே நான்கு வரிகள். அதே மேசை. நாற்காலி காலியாக இல்லை. பன்னிரண்டு முதுகுகள். கடைசி முதுகின்மேல் இரட்டைச் சடை, காலையில் உர்சுலாவே கட்டிவிட்ட மஞ்சள் ரிப்பன்.

கை தானாகப் பென்சில் பெட்டியைத் துழாவியது. தப்பாக எழுதினால் அழிக்க வேண்டும்; இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 38ஐத் திருப்பினாள். தான் எழுதிய மூன்றாவது கதவை ரப்பரால் தேய்த்தாள். தேய்த்தாள். துகளை ஊதிவிட்டாள். வரி சுத்தமாகப் போய்விட்டது.

அப்புறம்தான் மேசையைப் பார்த்தாள். வழிப்படத்தில் 61 தனியாக நின்றது. அவள் தொடாமலே அந்த அம்பும் அழிந்திருந்தது. அங்கே போக இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே மூடிவிட்டாள்.

திரும்ப எழுதினாள். பென்சில் முனை தாளைக் கீறியது, எழுத்து விழவில்லை. பேனாவால் எழுதினாள். விழவில்லை. 61இன் அடியில், வீட்டுக்கு வர என்று எழுதப் பார்த்தாள். அம்மாவிடம் வர. விழவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் முனகிக்கொண்டே இருந்தது. விரலை எடு என்று சொன்ன வாய்.

கூடம் இருண்டுவிட்டது. விளக்குப் போட அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் புத்தகம் மூடிக்கொள்ளும். இப்போது அவளுடைய சுட்டுவிரல் 61இல் இருந்தது. அதை எடுக்கவே மாட்டாள்.

விரலுக்குக் கீழே தாள் அசைந்தது.

சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு, சின்ன விரல்நுனி போல. அடியிலிருந்து. உள்ளே இருந்து. மெல்ல நகர்ந்தது. தாளின் ஓரத்தைத் தேடியது. ஓரம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தது.

“மம்மி இங்கதான் இருக்கேன்,” என்றாள்.

புடைப்பு அவள் விரலோடு வந்து ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தியது.

அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது.

இன்னொன்று.

பக்கம் முழுக்க. அவள் எண்ணினாள். பன்னிரண்டு. எல்லாம் ஒரே அளவு. எல்லாம் வெதுவெதுப்பு. எல்லாம் அவள் விரலைத் தேடி வந்து முட்டின, தள்ளின, தள்ளிவிட்டு மறுபடி முட்டின.

எது தன் பிள்ளையுடையது என்று உர்சுலாவுக்குத் தெரியவில்லை.