சாம்பலில் நாலாவது தடம்

தோள்பட்டை காலையிலேயே கழன்று விழுவதுபோல் வலித்தது. பாரம் தூக்கி இறக்கும் விஞ்சு இயக்குகிறவனுக்கு வலது தோள்தான் சோறு. எண்ணூரில் மூடிக்கிடந்த அந்த ஷெட்டுக்குள் நான் மறுபடி நுழைந்தது, கூட வேலைபார்த்த வெள்ளத்துரை செத்துப் பதினோராவது நாள்.

2006. செவ்வாயில் ஆளில்லாமல் இறங்கப்போகும் கலத்துக்கு அங்கேதான் ஒத்திகை. அனல்மின் நிலையச் சாம்பலை ஆளுயரம் கொட்டி, அதுதான் செவ்வாய் மண் என்றார்கள். அங்கே எடை குறைவாம். அதனால் கலத்தின் எடையில் பாதிக்கு மேல் ஓர் இரும்புக் குண்டு கப்பி வழியாக இழுத்துத் தாங்கும். நான் பிரேக்கை விட்டால் கலம் விழும். மூன்று கால்களும் எத்தனை அங்குலம் புதையும் என்று கம்ப்யூட்டர் முன்னாலேயே சொல்லிவிடும்.

சாம்பலைச் சமன்செய்வது வெள்ளத்துரை. புழுதியில் ஆள் தெரியாது. வெளியே வந்ததும் விசிலடிப்பான். அதற்குப் பிறகுதான் விடுவேன். அன்று விசில் வரவில்லை. நேரமாகுது, விடு என்று எஞ்சினியர் சுப்புராயன் விரட்டினார்.

விட்டேன்.

இரும்புப் பாதம் அவன் வலது கையைத் தோளோடு அறுத்துச் சாம்பலுக்குள் அமுக்கியது. ரத்தம் உருண்டை உருண்டையாகத் திரண்டது. மூன்று நாள் தோண்டியும் கை கிடைக்கவில்லை. அவன் மனைவி பூவம்மா தினமும் கேட்டில் நின்றாள்.

“ஒடம்ப கொறையா பொதச்சிட்டு வந்துகீறேன். அந்தக் கைய மட்டும் குட்துடு நைனா, பக்கத்துல வெக்கணும்.”

பதினோராவது நாளான இன்று மறுபடி ஒத்திகை, உச்சிவெயில் நேரம்; சுப்புராயன் என் பக்கத்தில் நின்றார். கலம் மேலே தொங்கியது. சாம்பல் மேட்டில் யாருமில்லை.

விசில் கேட்டது.

பழகிய கை தானாகவே பிரேக்கை விட்டது. புழுதி அடங்கியது. மூன்று பாதங்களும் கணக்குப்படியே புதைந்திருந்தன.

பக்கத்தில் நாலாவதாக ஒரு தடம்.

ஐந்து விரல்.

சுப்புராயன் ஓடிப்போய் மண்டியிட்டு, மோதிரம் போட்ட வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கிடைத்துவிட்டது என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“கிருஷ்ணப்பா... அது என் கையைப் பிடிச்சிருக்கு.”

எலும்பு முறியும் சத்தம். ஓடி அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தேன். ஆள் வந்தார். கை வரவில்லை.

சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் தோண்டி ஒரு கையை எடுத்தார்கள். பூவம்மா துணியை விலக்கிப் பார்த்தாள்.

“இதுல மோதிரம் கீது. என் வூட்டுக்காரரு மோதிரத்த எங்க கண்டாரு?”

சாம்பலுக்கு அடியில் விசில் கேட்டது.

வெள்ளத்துரையின் வலது கையைப் பூவம்மாவுக்கு நான் இன்னும் தரவேண்டியிருக்கிறது.