தாய்மாமன் வீட்டுப் பெண்

பிரவீனா விடியுமுன் எழுந்தாள். தண்ணீர் கொதிக்க வைத்தாள். மகள் லோஷினிக்கு ரொட்டியில் காயா ஜாம் தடவினாள். கணவன் திருச்செல்வத்தின் வேட்டியை இஸ்திரி போட்டாள்.

கைபேசி அடித்தது. கணவனின் அக்கா நர்மதா. இன்று மூவார் நகரில் அவள் மகள் ஷர்மினிக்குப் பூப்புச் சடங்கு.

"மாமன் சீரோட நீங்க ரெண்டு பேரும் வாங்க. லோஷினி வேணாம்லா... என் மாமியார் கையக் கடிச்சவ!"

"அப்ப அவளுக்கு ஆறு வயசுக்கா. இப்ப பதினாறு."

"அந்தக் குணம் எங்க போவும்?"

"மாமன் சீர் வேணும்னா மாமன் பொண்ணும் வருவா." பிரவீனா குரலை உயர்த்தவில்லை.

ஆறு வயதில் லோஷினி கடித்தாள், உதைத்தாள். பாலர் பள்ளி அவளை வேண்டாம் என்றது. பிரவீனா சிங்கப்பூர் வேலையை விட்டாள். மகள் அலறும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை. 'இது வளந்தா போலீஸ் ஸ்டேஷன்லதான்' என்றார்கள் உறவினர்கள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. சீர்ப் புடவை கட்ட வேண்டிய ஷர்மினி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். உள்ளே வளையல்கள் உடையும் சத்தம் கேட்டது.

"அலமாக்! மானம் போவுதுடி... தொற!" நர்மதா கதவை ஓங்கி அடித்தாள்.

"தட்டாதீங்க அத்தை. தட்டுனா இன்னும் பயம்தான் வரும். எனக்குத் தெரியும்." லோஷினி பட்டுப் பாவாடையோடு தரையில் உட்கார்ந்தாள். "ஷர்மி, நான்தான். தொறக்க வேணாம். கத்தணுமா, கத்து. நான் இங்கியே இருக்கேன்."

கத்தல். பிறகு அழுகை. பிறகு மெல்லிய குரல்.

"மேடையில எல்லாரும் என்னையே பாப்பாங்க லோஷி... வெக்கமா இருக்கு!"

"மேடை வேணாம். உன் மாமா உள்ள வந்து மாலை போடட்டும். அத்தைகிட்ட நான் பேசுறேன்."

நர்மதா வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். தாழ்ப்பாள் விலகியது.

அறைக்குள்ளேயே திருச்செல்வம் மருமகளுக்கு மாலை போட்டான். லோஷினி அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். பிரவீனா நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்மதா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "உன் புள்ளய வாய்க்கு வந்தபடி பேசினேன்... என்னை மன்னிச்சிரும்மா!"

பிரவீனா அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"எங்கிட்ட எதுக்குக்கா? பேச்சு வாங்கினவ அங்க நிக்கிறா."