அமுக்குணியும் சர்க்கரை டப்பாவும்

'சொல்லிடலாமா? வேணாம். சொன்னா தம்பியைத் திட்டுவாங்க. சொல்லலைன்னா...'

அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சுவரில் உரிந்திருந்த பச்சைப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியே காலையிலிருந்தே இருட்டிக்கொண்டிருந்தது. மழை வருவதாகவும் இல்லை, போவதாகவும் இல்லை.

வீட்டில் அவளை அமுக்குணி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளிடம் போன ரகசியம் அவளுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அத்தை உடைத்த கண்ணாடிக் குவளை, அப்பா தொலைத்த குடை, அம்மா அழுத நாட்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வந்ததில்லை.

இப்போது அவளுக்குள் இருந்தது தம்பியின் ரகசியம்.

தம்பிக்கு ஆறு வயது. அவனைக் குண்டு என்று கூப்பிடுவார்கள். கன்னம் இரண்டும் உப்பியிருந்த காலத்தில் வைத்த பேர். சில வாரங்களிலேயே அவன் உடம்பு வற்றிப்போய், சட்டை கொடியில் காய்வது போல அவன்மேல் தொங்கியது. பேர் மட்டும் இளைக்கவில்லை. எந்நேரமும் தண்ணீர் கேட்டான். படுக்கையை நனைத்தான். ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தான்; மூச்சு வாங்கியது; எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போனில் சொன்னது ஒரே வரிதான். "குண்டுவுக்குச் சர்க்கரை வந்துடுச்சு."

அதைக் கேட்டதும் அத்தை தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள். அத்தை அப்பாவின் அக்கா. கடைகளுக்குத் தைக்கும் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைப்பது அவள் வேலை. மாமாவுக்கும் சர்க்கரை இருந்தது. முதலில் அவருடைய ஒரு காலை எடுத்தார்கள். அப்புறம் அவரே இல்லாமல் போனார். அதன் பிறகுதான் அத்தை தன் மிஷினோடு இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

குண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, அக்காவை மிஷினுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனான். வெட்டிப் போட்ட துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் காதில் சொன்னான்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நான் டப்பாவுலேர்ந்து சர்க்கரை எடுத்துத் தின்னேன். நெறைய தடவை. அதான் எனக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு."

அமுக்குணி வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

இன்று பரிசோதனைக்காகத் தம்பியையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொண்டையில் ஒரு பேனா செருகியிருந்தது. அவர் இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். இந்த நோய் வந்த குழந்தைகளின் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளிடம் கொஞ்சம் ரத்தம் வாங்குகிறாராம். நோய் வருவதற்கு முன்பே அதன் அடையாளம் ரத்தத்தில் தெரியுமாம். முன்கூட்டியே தெரிந்தால், சிலருக்கு அது வருவதைக் கொஞ்சகாலம் தள்ளிப்போட இப்போது மருந்தும் இருக்கிறதாம். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அமுக்குணியும் சரி என்றால்தான் எடுப்பாராம்.

அவள் கையை நீட்டினாள். ஊசி குத்தியதும், இத்தனை நாள் உள்ளே இருந்தது எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது.

"டாக்டர், டப்பாவுலேர்ந்து திருடித் தின்னா சர்க்கரை வருமா?"

"எந்த டப்பா?"

"பொதுவா கேட்டேன்."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்காமல் இருக்கத்தான்.

"உன் தம்பிக்கு வந்திருக்கிறது அப்படி வராதும்மா. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க, கிருமியை அடிச்சு விரட்ட. அவங்க ஆள் தெரியாம அவனோட கணையத்தையே அடிச்சிட்டாங்க. இன்சுலின் அங்கதான் ஊறும். அது இல்லைன்னா சாப்பிட்டது உடம்புல சேராது, சர்க்கரை ரத்தத்துலயே நின்னுடும். அதான் ஊசியில போடறோம்."

"ஏன் ஆள் தெரியாம அடிச்சாங்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உன்கிட்ட ரத்தம் கேக்கறேன்?"

பல நாடுகளில் இந்த நோய் வரும் குழந்தைகள் கூடிக்கொண்டே போகிறார்கள், ஏனென்று யாருக்கும் இன்னும் முழுசாகப் புரியவில்லை என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் முகமும் வானம் மாதிரி இருண்டிருந்தது. மாமாவைப் பற்றி அவள் கேட்டதற்கு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது வேறு ரகம், பேர்தான் ஒன்று என்றார்.

பேர்தான் ஒன்று. டப்பாவில் இருப்பதும் சர்க்கரை. மாமாவைக் கொண்டுபோனதும் சர்க்கரை. தம்பிக்கு வந்ததும் சர்க்கரை. இத்தனைக்கும் ஒரே பேரை வைத்தவர்களுக்கு வேறு பேரே கிடைக்கவில்லையா என்று அவளுக்குக் கோபம் வந்தது.

கிளம்பும்போது நர்ஸ் அம்மாவிடம் மறுபடி மறுபடி ஒன்றைச் சொன்னாள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். நடுங்கினால், வேர்த்தால், பேச்சு குழறினால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். விழுங்க முடிகிறபோதே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட வேண்டும். "இறங்குச்சுன்னா எங்ககிட்ட சொல்லணும். மறைச்சா மருந்தோட அளவை நாங்க எப்படி மாத்தறது?"

அம்மா தலையை ஆட்டினாள். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று துணி தேய்க்கிறவள். நின்றபடியே கண் சொக்கியது. அமுக்குணிதான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதைத் தம்பியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"அத்தை சொன்னாங்களே, தின்னுதான் மாமாவுக்குக் காலு போச்சுன்னு."

"அது வேற சர்க்கரைடா."

"சர்க்கரையில ஏது வேற?"



அம்மா நர்ஸ் சொன்னதையெல்லாம் அத்தையிடம் ஒப்பித்தாள். அத்தை கேட்டுக்கொண்டாள். சர்க்கரை கொடுக்க வேண்டும் என்றது மட்டும் அவள் மனதில் ஏறவில்லை. ஊசி போடவும் அம்மாவிடமே பழகிக்கொண்டாள். காஜா எடுக்கிற கை, கொஞ்சமும் பிசகவில்லை. ஆனால் மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும், சர்க்கரை டப்பாவை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய், கீழே சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த டப்பா கண்ணில் படும்போதெல்லாம் அவளுக்கு மாமாவின் கட்டுப்போட்ட கால் தெரிந்திருக்கும். மாடிப்படியில் நின்ற அமுக்குணி அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் பார்த்தாள். தட்டில் வைத்த ரொட்டியில் பாதியைக் குண்டு துணித் துண்டு மூட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"நான் சாப்பிடலைன்னா உள்ள இருக்கிற சர்க்கரை பட்டினி கிடந்து செத்துடும்," என்றான். "சொல்லக் கூடாது. நீ தலையாட்டியிருக்கே."

அவள் தலையாட்டியிருக்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. மத்தியானம் அத்தை குண்டுவுக்கு ஊசி போட்டு, தட்டில் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பினாள். சாயங்காலத்துக்குள் ஒரு மூட்டை சட்டை முடித்தாக வேண்டும். அமுக்குணி மொட்டைமாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. குண்டு சுவரோரமாகப் படுத்திருந்தான்.

"தூங்கட்டும், எழுப்பாதே," என்றாள் அத்தை திரும்பாமல்.

அவள் குனிந்து பார்த்தாள். அவன் தூங்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. விரல்கள் தாமாகவே ஆடின.

"குண்டு, ரொட்டி சாப்பிட்டியா?"

"மூட்டை... சாப்பிட்டுச்சு," என்றான். நாக்கு தடித்தது போலக் குழறினான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்து, அம்மா செய்வது போல அவன் விரலில் குத்திப் பார்த்தாள். நர்ஸ் சொன்ன எல்லையைவிட எண் நன்றாகக் கீழே இருந்தது.  அடுத்த நொடி படியிறங்கி ஓடினாள்.

சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீத்தம்ளர், அதன் பக்கத்தில் அந்த டப்பா. கேட்கக்கூட நிற்காமல் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் பின்னால் ஏதோ கத்தினார்.

டப்பாவைப் பார்த்ததும் அத்தை மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வழியை மறித்தாள்.

"சர்க்கரை வந்த பிள்ளைக்குச் சர்க்கரையா? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

குண்டுவும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

அமுக்குணி அன்றைக்குப் பேசிய அளவுக்கு அதற்கு முன் பேசியதே இல்லை.

"அத்தை, அவன் சாப்பிடலை. ரொட்டியை மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான். டப்பாவுலேர்ந்து திருடித் தின்னதாலதான் சர்க்கரை வந்துச்சுன்னு நினைக்கிறான். அதில்லை. டாக்டர்கிட்ட கேட்டேன். மாமாவுக்கு வந்தது வேற, இது வேற. இப்ப ரத்தத்துல இறங்கிப்போச்சு, சர்க்கரைதான் மருந்து. நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொல்லுங்க. சீக்கிரம் அத்தை."

அத்தை மூட்டையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு ரொட்டித் துண்டு எட்டிப் பார்த்தது. பிறகு மீட்டரைப் பார்த்தாள்.  டப்பாவை வாங்கித் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்தாள். கலக்கும்போது ஸ்பூன் குவளையில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. 

"குண்டு, என் கண்ணு, எழுந்திரு. நீ தின்னதால வரலைடா. அத்தை தப்பாச் சொல்லிட்டேன். குடி."

"காலை... எடுத்துடுவாங்க."

"என்னைத் தாண்டி எவன் எடுக்கறான் பார்க்கறேன். குடிடா."

அவன் வாயைத் திறந்தான். ஒவ்வொரு மடக்குக்கும் அவன் தொண்டை ஏறி இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். 

கால்மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. குண்டு எழுந்து உட்கார்ந்து தன் கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இரண்டும் இருந்தன.

"பசிக்குது," என்றான். "மூட்டையில இருக்கிறது வேணாம். அதுல நூல் ஒட்டியிருக்கு."

கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரரின் குரல் கேட்டது. "டப்பாவை வேணா வெச்சுக்குங்க. உள்ள இருக்கிற ஸ்பூன் என்னோடது!"

குண்டு சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. அவனுக்குப் புது ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். கடைசித் துண்டு உள்ளே போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் நிஜமாகவே தூங்கிய பிறகு, மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆனால் தைக்கவில்லை.

வானம் இன்னும் அப்படியேதான் இருந்தது. தன் ரத்தத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று அமுக்குணி யோசித்தாள். முடிவு இன்னும் வரவில்லை. அதையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள். உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து இன்று மிகவும் கனமாக இருந்தது.

சாயங்காலம் மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று நின்று வந்தது. அத்தை சட்டென்று அமுக்குணியின் கையைப் பிடித்தாள். தையல் ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாகிப்போன விரல்கள்.

"நடந்தது உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்டி. தெரிஞ்சா அப்புறம் பிள்ளையை என் கையில விட மாட்டாங்க. அவனும் இல்லைன்னா எனக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு? நீதான் அமுக்குணியாச்சே. இதையும் உள்ள வெச்சுக்கோ."

அத்தையின் கண் கலங்கியிருந்தது. இந்தக் கைதான் தனக்கு எல்லாச் சட்டையும் தைத்துக் கொடுத்தது என்று அமுக்குணி நினைத்தாள். இன்று அந்தக் குவளையைத் தூக்கியதும் இதே கைதான். அதையும் சேர்த்துத்தான் அம்மாவிடம் சொல்லவேண்டும்.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் இறுகவே பிடித்துக்கொண்டாள்.

"இல்லை அத்தை," என்றாள் மெதுவாக. "இதை நான் வெச்சுக்க மாட்டேன்."