இதை யார் கட்டினது?

வேன் கடைசி வளைவில் திரும்பியதும் ஏரிக்கரையில், மறுநாள் கல்யாணம் நடக்கப்போகும் அந்தப் பழைய மாளிகை தெரிந்தது. முன்சீட்டிலிருந்த அக்கா திரும்பி, "பூவெல்லாம் உயிரோட இருக்கா பாரு" என்றாள்.

பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள் சின்னவள். "நான் உயிரோட இருக்கேனான்னு யாரும் கேக்காதீங்க" என்றாள்.

அக்காவின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுருட்டை சிரித்தாள். அந்தச் சிரிப்புகூடச் சின்னவளுக்குப் பிடிக்கவில்லை.

அக்காவும் சின்னவளும் சேர்ந்து ஆரம்பித்த பூ அலங்காரக் கடைக்கு ஒன்பது வயது. ஊர்விட்டு ஊர் போய்க் கல்யாணம் நடத்துகிறவர்கள் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இந்த ஒன்பது வருடமும் வாளி தூக்கியது, முள் சீவியது, இலை உருவியது எல்லாம் சின்னவள். மணப்பெண் கையில் பிடிக்கும் பூச்செண்டை மட்டும் அக்கா கட்டுவாள். கல்யாணப் படங்களில் நிற்பது அந்த ஒன்றுதான். அக்காவின் விரல் மூட்டுகள் வலிக்கத் தொடங்கியபோது, இனி அது தன் கைக்கு வரும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். அப்போதுதான் எட்டு மாதத்துக்கு முன்னால், தலை நிறையச் சுருள் முடியோடு இவள் வந்து சேர்ந்தாள்.

மாளிகையின் சாவிகளை இடுப்பில் தொங்கவிட்ட ஒரு வயதான அம்மா வாசலில் காத்திருந்தாள். பூக்களை வைக்க, படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஓர் அறையைத் திறந்துவிட்டாள். அங்கே ஜன்னல் இல்லை. தரைக்குக் கீழே பாதி புதைந்த கல் அறை என்பதால், குளிர்சாதனம் இல்லாமலே ஜில்லென்று இருந்தது. நடுவில் நீளமான கல்மேசை. அதன் விளிம்பில் கத்தி பட்டுப் பட்டு விழுந்த நூற்றுக்கணக்கான கீறல்கள்.

"அட, இது பூ வேலை பாக்கறதுக்குன்னே கட்டின ரூம் மாதிரி இருக்கே!" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் கட்டினாங்க" என்றாள் சாவிக்கார அம்மா. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

சின்னவள் மூக்கைச் சுளித்தாள். பூ வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாடை தெரியும். ஜாடித் தண்ணீரை நான்கு நாள் மாற்றாமல் விட்டால், காம்பு அழுகி வருமே, அந்த வாடை. ஆனால் அறை காய்ந்து கிடந்தது. ஒரு ஜாடி இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வாளிகளில் தண்ணீர் நிரப்பி, காம்புகளைச் சரிவாக நறுக்கி வைத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போதுதான் அக்கா சாதாரணமாகச் சொன்னாள். "காலையில செண்டு நம்ம சுருட்டை கட்டட்டும். அவ கட்டின மாதிரியைப் பார்த்துத்தானே பொண்ணு ஒத்துக்கிச்சு? சின்னவளே, நீ மாடிப்படிக் கைப்பிடியைப் பாத்துக்கோ."

"ஒன்பது வருஷமா கைப்பிடியைத்தானே பாத்துக்கறேன்."

"ஏண்டி மூஞ்சியைத் தூக்கற? நீயும் நானும் வேற வேறயா? அவ வெளியாளு. அவளை நாமதானே தூக்கிவிடணும்."

சுருட்டை அருகில் வந்து, "சின்னக்கா, உங்களுக்கு வருத்தம்னா நான் கட்டலை" என்றாள். அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது.

அன்று சாயங்காலமே சின்னவள் ஒரு காரியம் செய்தாள். பூ வேலைக்காரி மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

நன்றாகக் கனிந்த வாழைப்பழம் பக்கத்தில் இருந்தால் கார்னேஷன் பூ தூங்கிவிடும். இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். பிறகு எந்தத் தண்ணீரில் வைத்தாலும் விழிக்காது. அதனால்தான் பூ அறைக்குள் யாரும் ஒரு பழத்தைக்கூடக் கொண்டுபோக மாட்டார்கள். சின்னவள் சமையலறையில் கேட்டு, தோல் கறுத்த பழமாக ஒரு கூடை வாங்கினாள். சுருட்டைக்கென்று ஒதுக்கிய வாளிக்குப் பின்னால், மேசைக்கடியில் அதைத் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

நிமிர்ந்தபோது அந்த வாடை அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. யாரோ எட்டிப் பார்ப்பதுபோல.

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரம். சின்னவள் மாடிப்படியில் இலைச்சரம் சுற்றிக்கொண்டிருந்தாள். காதெல்லாம் கீழே இருந்தது. எந்த நிமிடமும் சுருட்டை, "அக்கா, பூவெல்லாம் போச்சு" என்று அலறிக்கொண்டு ஓடிவருவாள். அப்புறம் அக்கா வேறு யாரிடம் வருவாள்?

அலறல் வரவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. சின்னவள் பொறுக்கமாட்டாமல் இறங்கிப் போனாள்.

கதவு லேசாகச் சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பூக்கள் எல்லாம் விழித்திருந்தன. ஒரு கார்னேஷன்கூடத் தூங்கவில்லை. வாளி வாளியாக, அப்போதுதான் பறித்தவைபோல நிமிர்ந்து நின்றன.

பூவைப்போல மூடிக்கொண்டிருந்தது சுருட்டைதான்.

கல்மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் உள்வாங்கி, முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டி, தலை கவிழ்ந்து கிடந்தாள். கைவிரல்கள் பத்தும் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. முகத்துத் தோல் மெலிந்து, பழைய இதழ்போல ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. மடியில் அவள் கட்டிய செண்டு கிடந்தது.

அதில் ஒரு பூவுக்கும் தலை இல்லை. வெறும் காம்புகள்.

சின்னவள் சாக்கை இழுத்தாள். பழக்கூடை வைத்தபடியே இருந்தது. பூவுக்கு வைத்தது ஆள்மேல் விழுந்துவிட்டதா? சுருட்டையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வளர்ந்த பெண், ஒரு கட்டுப் பூவளவுகூடக் கனக்கவில்லை.

"சின்னக்கா..." உதடு மட்டும் அசைந்தது. "பின்னாடி நின்னு கேட்டாங்க."

"யாரு? என்ன கேட்டாங்க?"

"இதை யார் கட்டினதுன்னு. நான்தான்னு சொன்னேன்."

மேலே ஓர் அறையில் அவளைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து, சரியாகச் சாப்பிடாததால் மயக்கம் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார். சாவிக்கார அம்மா வெந்நீர் கொண்டுவந்து, சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள்.

"முன்னாடியும் ஆயிருக்கு" என்றாள் மெதுவாக, சின்னவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாருக்கும் ஆகாது. வந்தவங்கள்ல யாரு கெட்டிக்காரியோ, அவங்களுக்குத்தான். இன்னொரு தடவை அது கேட்டு, யாராவது இவ பேரைச் சொல்லிட்டா, பொழைக்கறது கஷ்டம்."

பயத்துக்கு நடுவிலும் சின்னவளுக்கு ஏதோ சுருக்கென்று தைத்தது. நேற்று முழுக்க அதே அறையில் அவளும்தானே வேலை செய்தாள்? அவளை யாரும் கேட்கவில்லையே. பேய்கூடச் சுருட்டையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

"சின்னவளே!" அக்கா வியர்த்து ஓடிவந்தாள். "ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. என் விரல் மடங்கமாட்டேங்குது. நீதான் கட்டணும்."

"இங்கேயே கட்டறேன்க்கா. கீழ வேண்டாம்."

"இந்த வெயில்லயா? கட்டி முடிக்கறதுக்குள்ள ரோஜா தொங்கிடும். போடி, என் தங்கமில்ல."

'நீதான் கட்டணும்.' ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. கால்கள் தாமாகவே படியிறங்கின.

பழக்கூடையை வெளியே வீசிவிட்டு வந்து, கதவை அகலத் திறந்து வைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். முதல் ரோஜாவை எடுத்தாள். அதன்மேல் குறுக்கே ஒரு கார்னேஷன். ஒவ்வொரு காம்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்து போக வேண்டும். அப்போதுதான் செண்டு கையில் சுழன்று விரியும். பத்துப் பூவில் பயம் குறைந்தது. இருபது பூவில் பயம் மறந்தது. கை தானே போயிற்று. வெளிறிய ரோஜா, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அடர்சிவப்பு, விளிம்பில் காற்றுப் பட்டால் அசையும் மெல்லிய இலை. அக்கா கட்டியதுபோல இல்லை. சுருட்டை கட்டியதுபோலவும் இல்லை.

ரிப்பனைச் சுற்றி ஊசி குத்தி முடித்தாள். கையைத் தள்ளிவைத்துப் பார்த்தாள்.

அழகாக இருந்தது. இதற்குமேல் அழகாக ஒன்றைத் தன்னால் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

அறை அமைதியாக இருந்தது. யாரும் வரவில்லை.

வெட்கக்கேடு, அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. 'நான் அவ்வளவு மட்டமா?' என்று மனதுக்குள் ஒரு குரல் எழுந்தது.

வாடை வந்தது.

அழுகிய காம்பு. பழைய தண்ணீர். மெல்ல, மிக மெல்ல, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

திறந்து வைத்த கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்கும் விளக்குக்கும் நடுவில் ஏதோ வந்து நின்றதுபோல வெளிச்சம் குறைந்தது. முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரிலிருந்து, காதோரம், ஆசையும் ஆத்திரமும் கலந்த ஒரு பெண்குரல்.

"இதை... யார் கட்டினது?"

வாழ்நாளெல்லாம் யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் ஏங்கிய கேள்வி.

பதில் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யார் கட்டினது?"

செண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவை மறு கையால் இழுத்துத் திறந்து, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினாள்.

கல்யாணம் நடந்தது. ஏரியைப் பார்த்த பெரிய கூடத்தில் இருநூறு பேர். மணப்பெண் செண்டைக் கையில் ஏந்தி நடந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு செண்டைப் பார்த்தார்கள், பிறகு செண்டையே பார்த்தார்கள். சின்னவள் தூண் ஓரமாக நின்றாள். ஆனால் அவள் பார்த்தது தரையை. கூடத்தின் வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர். பிறகு, யாரும் நடக்காத இடத்தில், இன்னொரு சொட்டு. அது நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வந்து நின்றது. காத்திருந்தது.

மணப்பெண் மைக்கை வாங்கினாள். கண் கலங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவ்வளவு அழகா இருக்கே, இதை யார் கட்டினது?"

கூடம் கைதட்டியது. சொட்டுகள் மெல்ல மேடைப்பக்கம் நகர்ந்தன.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் போய் மைக்கை வாங்கினாள். "எங்க கடைப் பொண்ணு ஒருத்தி. இது அவளோட டிசைன். பாவம், உடம்பு முடியாம மேல படுத்திருக்கா. அவ கேட்டா சந்தோஷப்படுவா. எல்லாரும் அவளுக்காகக் கைதட்டணும். அவ பேரு..."

சொட்டுகள் திரும்பின. படிக்கட்டை நோக்கி.

"நான்தான்!"

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சின்னவள் தூணை விட்டு வெளியே வந்திருந்தாள். "அவ ஒண்ணும் கட்டலை. நான்தான் கட்டினேன். ஒவ்வொரு பூவும் நான் வெச்சது!"

கைதட்டல் நின்றது. யாரோ ஒரு பெண், "படுத்துக் கிடக்கிற பொண்ணு மேலயா பொறாமை?" என்று முணுமுணுத்தாள். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. மைக்கைத் தள்ளிப் பிடித்து, "என்னடி இது, மானத்தை வாங்கற? உன்னையும் என்னையும் பிரிச்சா பாத்தேன்?" என்றாள்.

மேலே படுத்திருப்பவளைக் காப்பாற்றக் கத்தினாளா, ஒன்பது வருட எரிச்சலில் கத்தினாளா, சின்னவளுக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் வந்திருந்தன.

இசை மறுபடியும் தொடங்கியது. ஆட்கள் அவளைவிட்டு விலகி நின்றார்கள். அவளைச் சுற்றி நாலடிக்கு யாருமே இல்லை.

தொங்கிக்கொண்டிருந்த அவள் வலது கைக்குள், ஈரமான ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து, இறுகக் கோத்துக்கொண்டன.