தக்காளி செத்தது, மக்காச்சோளம் பிழைத்தது

விடிந்தும் விடியாததுமாகத் தோட்டத்துக்குள் போன இன்ஸ்பெக்டரம்மா, போன வேகத்திலேயே திகைத்து நின்றார். ஆசை ஆசையாக வளர்த்த தக்காளிச் செடிகள் அத்தனையும் இலையைச் சுருட்டி, தண்டை முறுக்கிக்கொண்டு கிடந்தன. அவரைச் செடிகளுக்கும் அதே கதிதான். நடுவில் மக்காச்சோளம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஜம்மென்று நின்றது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தெருவுக்கு அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். கொலைக் கேஸெல்லாம் துப்புத் துலக்கிய தலை இங்கே கிறுகிறுத்துப் போயிற்று. பூச்சி இல்லை, புழு இல்லை, தண்ணீருக்கும் குறைச்சல் இல்லை. என்ன எழவு இது?

காலை எட்டு மணிக்குக் கோச் வந்தாள். வாராவாரம் வீட்டுக்கே வந்து தோட்டம் போடக் கற்றுத்தரும் பெண். மண்ணைக் கிளறச் சொன்னதும் அவள்தான். ஈரம் காயாமலிருக்கச் செடியின் காலடியில் புல்லோ சருகோ பரப்பி மூடாக்குப் போடச் சொன்னதும் அவள்தான். வேரைத் தோண்டிப் பார்த்தாள், மண்ணை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் உதட்டைப் பிதுக்கி, தனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரம்மாவின் பார்வை பக்கத்து வீட்டுச் சுவர்மேல் போயிற்று. அந்தப்பக்கம் அவருடைய கூடப்பிறந்த தங்கை. வீட்டைப் பாகம் பிரித்து அந்தச் சுவர் எழும்பிய நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட இங்கே வரக்கூடாது என்பது இன்ஸ்பெக்டரம்மாவின் கட்டளை. தங்கையோ இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலிசெய்துகொண்டு மகனோடு இருக்கப் போகிறாள். போன மாதம் அவள் தன் புல்தரையில் மருந்து அடித்ததை மாடியிலிருந்து கண்ணால் பார்த்தாயிற்று. அதன்பிறகு அந்தப் புல்தரையில் ஒரு களைகூட இல்லை. போகிற போக்கில் பழி தீர்த்துவிட்டாளோ?

நேரே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுக்கப் போவதாக இன்ஸ்பெக்டரம்மா சொன்னதும், கணவரின் முகம் வெளிறிப் போயிற்று. வேண்டாம், கூடப்பிறந்தவள் என்று கையைப் பிசைந்தார். மாலை வரை பொறுக்கச் சொன்னார்.

பத்து மணி. அதைக் காதில் வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய இன்ஸ்பெக்டரம்மா சுவரோரம் நின்றுவிட்டார். சுவரை ஒட்டி வைத்திருந்த தொட்டியில் ஒரு தக்காளிச் செடி, பூவும் பிஞ்சுமாக. மற்றவற்றோடு சேர்த்து நட்டதுதான். மருந்து காற்றில் வந்திருந்தால் முதலில் சாகவேண்டியது இதுவல்லவா? மண்டை குழம்பியது. குனிந்து பார்த்தார். தொட்டியில் மூடாக்கு இல்லை. புல் போதாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

கோச்சைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மக்காச்சோளமும் புல் ஜாதிதான் என்று பதில் வந்தது. அடுத்து கணவரைக் கூப்பிட்டார்.

"மூடாக்குக்குக் கொண்டுவந்த மூட்டை எந்தக் கடையில வாங்கினது?"

"அதான்... நர்சரியில."

"கடையில காஞ்ச வைக்கோல்தான் விப்பாங்க. நீங்க கொண்டுவந்தது அப்பத்தான் வெட்டின பச்சைப் புல்லு. இந்தத் தெருவுல புல்தரை இருக்கிறது ஒரே ஒரு வீடு."

அவர் தலை கவிழ்ந்தது. "அக்கா தோட்டத்துக்குன்னு அவளே வெட்டிக் கட்டிக் கொடுத்தாம்மா. எங்கேருந்து வந்ததுன்னு சொல்லிடாதீங்க மாமா, சொன்னா போடமாட்டான்னு கெஞ்சினா."

இன்ஸ்பெக்டரம்மா முடிச்சை அவிழ்த்தார். தங்கை அடித்தது களைக்கொல்லி. புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும் ரகம். வெட்டிய புல்லில் அது தங்கியிருந்து தக்காளியையும் அவரையையும் தீர்த்துக்கட்டியது. புல் ஜாதியான மக்காச்சோளம் தப்பியது. மூடாக்கே போடாத தொட்டியும் தப்பியது. மருந்து அடித்த புல்லா என்று விசாரிக்கச் சொல்லாதது தன் தப்பு என்றாள் கோச். பொய் சொன்ன நான்தான் குற்றவாளி என்றார் கணவர்.

"எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா மருந்து அடிச்ச புல்லுன்னு அன்னைக்கே எடுத்துப் போட்டிருப்பேன். உங்களைச் சொல்லவிடாம பண்ணினது நான்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "குற்றவாளி நான்தாங்க."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த தங்கைக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. பின்னால் கூடம் முழுக்கக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள்.

"மாமா சொல்லிட்டாராக்கா?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "புல்லு போதுமா? இன்னொரு மூட்டை உனக்குன்னு கட்டி வெச்சிருக்கேன்."

கோபம் வரும் என்று இன்ஸ்பெக்டரம்மா நினைத்திருந்தார், அழுகைதான் வந்தது.

"புல்லை விடுடி. செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு புதுசா நடணும். ஒத்தையா முடியல. நீ கொஞ்சம் வா."

தங்கை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே செருப்பைத் தேடினாள்.