எத்திராஜ் சாய்ந்த சுவர்

பங்குனி வெயில் முற்றுவதற்குள் அம்மா வீட்டை ஒழித்துக் கழுவிவிடுவதென்று சினேகா முடிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் குப்பத்துக்கு வந்து இறங்கியபோது அவள் கையில் ப்ளீச்சிங் பவுடர், புதுத் துடைப்பம், ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட். அம்மா மங்கையை இன்றைக்கே தன் வீட்டுக்கு அழைத்துப் போயாக வேண்டும். துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூசி ஏறி ஏறி அம்மாவுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இந்த வீட்டில் இன்னொரு வருஷம் தாங்காது என்று டாக்டர் திட்டியே அனுப்பியிருந்தார். ஆனாலும் அம்மா அசைவதாயில்லை.

காரணம், சுவரில் இருந்த ஒரு கறை.

சினேகாவின் அப்பா எத்திராஜ், வீட்டில் எல்லோருக்கும் நைனா, சாப்பிட்டதும் காலை நீட்டி அந்தச் சுவரில்தான் சாய்வார். தலை நிறைய தேங்காயெண்ணெய். சாய்ந்து சாய்ந்து சுவரில் தலையளவுக்கு ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பல வருஷத்துக்கு முன் ஒருநாள் லாஞ்சுப் படகில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மங்கை வீட்டைப் பெருக்குவாள், கழுவ மட்டும் மாட்டாள். ஒருவர் கிளம்பிப் போனதும் வீட்டைக் கழுவக் கூடாது, பிணம் போன வீட்டைத்தான் அப்படிக் கழுவுவார்கள். மற்றவர்கள் அரை நாள் பார்க்கும் சாங்கியத்தை மங்கை வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு இங்கதாண்டி ஒக்காந்துகினு கீறாரு. நான் வந்துட்டா அவருக்கு யாரு கீறா?"

சினேகாவுக்கு எரிச்சல் வந்தது. "வூடே கலீஜா கீது. நீ மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கிகினு வாம்மா" என்று அவளை அனுப்பிவைத்தாள். கறை போய்விட்டால் அம்மாவைப் பிடித்துவைக்க இங்கே ஒன்றுமிருக்காது.

பரணிலிருந்த கிழிந்த வலை, உடைந்த மிதவைகள், நைனாவின் சட்டைகள் எல்லாம் வாசலில் குவிந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. கடைசியில் சோப்புத் துணியோடு சுவருக்கு வந்தாள்.

துணி எண்ணெயில் நனைந்தது.

பழைய கறை காய்ந்துதானே கிடக்கும்? முகர்ந்து பார்த்தாள். புது எண்ணெய். அதற்கடியில் உப்பும் டீசலும் கலந்த வாடை. அந்த இடத்தில் மட்டும் சுவர் கதகதப்பாக இருந்தது.

வீட்டில் வேறு யாருமில்லை. ஆனாலும் காதருகே ஒரு மூச்சு கேட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் விடும் நீண்ட மூச்சு.

சட்டென்று டப்பாவைத் திறந்து கறைமேல் பெயிண்ட்டை அப்பினாள்.

மூச்சு நின்றது.

ஈரத் தரையில் யாரோ எழுந்து நடக்கும் சத்தம் வாசல்வரை போனது.

அப்போதுதான் மங்கை மீன் பையோடு வந்தாள். உள்ளே வராமல், யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றாள். பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அழவில்லை. சினேகாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கழுவிட்டியா?"

"ஒனக்காவத்தாம்மா."

"பாவம்டி. இனிமே எங்க சாஞ்சிக்குவாரு?"

மங்கை மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு பையில் இரண்டு புடவைகளைத் திணித்தாள். "வா, போலாம்."

இத்தனை வருஷம் கெஞ்சியும் வராதவள் கிளம்பிவிட்டாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சினேகா பயத்தைக்கூடக் கொஞ்சம் மறந்தாள். ஆட்டோவில் அம்மா ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து நடுவில் இடம் விட்டாள். சினேகா அங்கே பையை வைக்கப் போனாள். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வியாசர்பாடி தாண்டும்போது ஆட்டோவுக்குள் தேங்காயெண்ணெய் மணத்தது.

சினேகா மெல்லத் திரும்பினாள். அம்மாவின் தோளில், நடுவில் விட்ட இடத்தின் பக்கமாக, புடவை ஒரு தலையளவுக்கு அழுந்திக் கிடந்தது. அந்த இடத்தில் எண்ணெய் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"அம்மா... தோள்ல இன்னாமா அது?"

மங்கை உதட்டில் விரல் வைத்தாள். அவள் முகத்தில், நைனா போனபிறகு சினேகா பார்த்தேயிராத ஒரு சிரிப்பு.

"மெதுவா பேசுடி. இப்பதான் அசந்தாரு."