சத்தம் போடாத பனிக்கட்டி

வந்த அம்மாள் உட்காரவில்லை. மேஜை மேலிருந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். கைப்பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, கண்ணாடி போலத் தெளிந்த ஒரு பனிக்கட்டித் துண்டை அதற்குள் போட்டார். "காது வெச்சுக் கேளுங்க" என்றார்.

ஸ்டூடியோக்காரர் முந்திக்கொண்டு காது வைத்தார். எதிலும் முந்திக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாண ஆல்பங்களில் மாமியார்களின் முகச்சுருக்கத்தை அழித்துப் பிழைத்தவர். கைபேசி வந்து கடைக்குப் பூட்டுப் போட்டபின், அக்காள் கணவரோடு துப்பறியக் கிளம்பிவிட்டார். அந்த அக்காள் கணவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைத் தோண்டியெடுத்தே ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு நிதானம் என்று பெயர். எரிகிற கிடங்கிலிருந்துகூட நடந்துதான் வெளியே வருவார் என்பார்கள்.

"ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அதுதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு அம்மாள் நாற்காலியில் விழுந்தார்.

அவர் வேலை பார்ப்பது பருவநிலை ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே மூன்று பிரிவுகள். பழைய காலத்து வெயிலையும் மழையையும் ஆராய்கிற பிரிவுக்கு நேற்று, அன்றாடம் அளக்கிறதற்கு இன்று, வரப்போவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறதற்கு நாளை என்று செல்லப்பெயர். இவர் நேற்றம்மா. மலையுச்சிப் பனிப்பாறையைத் துளைத்து எடுத்துவந்த பனிக்கட்டிகள் இவர் பொறுப்பில் இருந்தன. என்றோ பெய்த பனி அடுக்கடுக்காக இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றும் குமிழியாக உள்ளே மாட்டிக்கொள்ளும். துண்டைத் தண்ணீரில் போட்டால் குமிழிகள் படபடவென்று வெடிக்கும். நிலையத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும், வெட்டியதில் மிஞ்சிய சில்லைத் தம்ளரில் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பார்கள். அதுதான் அங்கே வரவேற்பு.

இப்போது குளிர் அறையில் இருக்கும் கட்டிகள் எல்லாம் ஊமை. யாரோ உருக்கி, மறுபடி உறைய வைத்திருக்கிறார்கள். உருகியபோதே காற்று போய்விட்டது. அறைச் சாவி நேற்றம்மாளிடம் மட்டும்தான் இருக்கிறது. அறையின் குளிரை அளக்கும் கருவியோ, பனி உருகும் அளவுக்கு ஒரு கணம்கூட சூடு ஏறவில்லை என்று காட்டுகிறது. அப்படியானால் கட்டிகளை வெளியே கொண்டுபோய்த்தான் உருக்கியிருக்க வேண்டும், அது சாவிக்காரியால்தான் முடியும் என்பது நிலையத்தின் தீர்ப்பு. காரணமும் தயாராக இருந்தது. அம்மாள் கண்டுபிடித்ததைச் சரிபார்க்க வேறொரு நிலையம் பனிக்கட்டி கேட்டிருந்தது. குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து தானே அழித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். இந்த வாரக் கடைசியில் குழு கூடி அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறது. மோசடிக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டால், அவர் இதுவரை எழுதிய ஒரு வரியையும் இனி யாரும் நம்பமாட்டார்கள்.

"இன்னொரு தடவை போய்த் துளைச்சு எடுத்துட்டு வரலாமே?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார்.

"எங்க போய்? அங்க இப்ப வெறும் பாறைதான் இருக்கு. பனியெல்லாம் போயிடுச்சு."

யாராவது உங்களை நம்புகிறார்களா என்று நிதானம் கேட்டார். தம்பி மட்டும் நம்புகிறான் என்றார் அம்மாள். அப்பா போனபிறகு இவர் வளர்த்து, படிக்க வைத்து, நிலையத்தில் சேர்த்துவிட்ட தம்பி. இப்போது நாளைப் பிரிவுக்குத் தலைவர். அவர் கேட்ட வரவேற்புச் சத்தம் அக்காள் கையால் போட்ட சில்லிலிருந்து வந்தது. குழு கூடும்வரை காத்திருக்காதே, நீயாகவே ராஜினாமா கொடுத்துவிடு, கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி தினமும் வீட்டுக்கு வந்து சொல்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாளின் குரல் கொஞ்சம் தளர்ந்தது.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. நிலையத்தின் பழைய கட்டடத்தில்தான் குளிர் அறை. சுவர்ப் பலகைகள் ஓரங்களில் இற்றுப்போயிருந்தன. கதவுக்குப் பக்கத்தில் குளிரைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர், கதவுக்கு மேலே ஒரு மின்சாரக் கடிகாரம். அது தப்பான நேரம் காட்டியது. சரிசெய்யலாம் என்று ஸ்டூடியோக்காரர் நாற்காலி போட்டு ஏறினார்.

"இறங்கு மாப்ள" என்றார் நிதானம். "எதுவும் சரியா இல்லாத இடத்துல அது ஒண்ணாவது உண்மையைச் சொல்லுதான்னு பாப்போம்."

இறங்கிய ஸ்டூடியோக்காரர், ஏதாவது செய்ய வேண்டுமே என்று கம்ப்யூட்டர் திரையை ஆராய்ந்தார். குளிரின் அளவு ஒரு கோடாக ஓடியது. நெடுக அதில் சின்னச் சின்ன மேடுகள். நிலையத்துக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்த நாட்கள் வந்த இடத்தில் மட்டும் கோடு வழவழவென்றிருந்தது.

"மச்சான், இது நான் டச்சப் பண்ணின மூஞ்சி மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

நிதானம் சிரிக்கவில்லை. குளிர்சாதன மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பேசினார். இயந்திரம் தன்மேல் படியும் பனியை உதறுவதற்காக அவ்வப்போது தானே கொஞ்சம் சூடாகும், மேடுகள் அதனால் வருபவை, விடுமுறை விட்டாலும் அதற்கு ஓய்வு கிடையாது என்று மெக்கானிக் சொன்னார்.

அடுத்து அதே கட்டடத்திலிருந்த இன்றுப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்தவருக்குக் கடுகடுத்த முகம். நேற்றம்மாளோடு அவருக்குப் பேச்சு வார்த்தையில்லை என்று வாசலிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். ஸ்டூடியோக்காரர் அப்போதே மனதுக்குள் அவருக்கு விலங்கு மாட்டிவிட்டார். சுவரில் தொங்கிய அன்றாட வெப்பக் கோடு விடுமுறை வந்த இடத்தில் அறுந்து கிடந்தது. ஏன் என்று நிதானம் கேட்டார்.

"கரன்ட் போச்சு, கருவி நின்னுச்சு. அளக்காததை எப்படிங்க போடறது? டைரக்டர்கூட திட்டினார். திட்டட்டும்."

நாளைப் பிரிவு புதுக் கட்டடத்தில் இருந்தது. பெரிய கூடத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இரைந்தன. அங்கே இருந்த குளிரில் ஸ்டூடியோக்காரருக்குப் பல் கிட்டியது. சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. தம்பி தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். அக்காளைப் பற்றிப் பேசியபோது கண் கலங்கினார். தன் கணக்கைப் பற்றிப் பேசியபோது முகம் மலர்ந்தது. எந்த ஊர் எப்போது மனிதர் வாழ முடியாத சூட்டுக்குப் போகும் என்று சொல்லும் கணக்கு, மாதக்கணக்கில் ஓடி விடுமுறையில்தான் முடிந்ததாம். பழைய அளவுகளில் விட்டுப்போன இடம் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நிதானம் கேட்டார்.

"கணக்குப் போட்டு நிரப்பிடுவோம் சார். ஓட்டை இருந்தா மெஷின் மேல போகாது. எங்களுக்கு அது தினசரி வேலை."

எவ்வளவு தங்கமான தம்பி என்று ஸ்டூடியோக்காரர் வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்தார்.

குழு கூடும் நாளன்று, அதற்கு முன்னால் நால்வரைக் கூட்ட அறைக்கு வரச் சொன்னார் நிதானம். இயக்குநர், இன்றுக்காரர், அக்காள், தம்பி. தம்பி அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை மேல் கை வைத்திருந்தார்.

நிதானம் எழுந்து நிற்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. பழைய கட்டடத்துக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, ஆகவே அந்தப் பக்கம் மின்சாரம் நின்றிருக்கிறது என்று ஆரம்பித்தார். எத்தனை நேரம் என்று பன்னிரண்டு மணிக்குள் சுற்றுகிற முள்ளுக்குத் தெரியாது. ஆனால் நின்றது நிச்சயம். இன்றுக்காரரின் அறுந்த கோடும் அதையேதான் சொல்கிறது. மின்சாரம் நின்றால் குளிர் இயந்திரமும் நிற்கும், எச்சரிக்கை மணியும் ஊமையாகும், பதிவுக் கோடும் அறுந்திருக்க வேண்டும். அது அறுபடவில்லை. மேடு பள்ளமே இல்லாமல் வழவழவென்று ஓடுகிறது.

"அந்த இடத்தை யாரோ பின்னாடி வரைஞ்சிருக்காங்க. அப்ப சாவியைப் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல. ரூமுக்குள்ள யாருமே போகல. கதவைத் திறக்காமலே உள்ள இருந்ததை உருக்கியாச்சு. கரன்ட் திரும்பினதும் அது தானா உறைஞ்சுடுச்சு."

நிலையத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. மின்சாரம் போனால் முதலில் குளிர் அறைக்கு என்பது விதி. மற்றதெல்லாம் மறுபடி செய்யலாம், பனிக்கட்டியைச் செய்ய முடியாது. ஆனாலும் கைப்பிடியைத் திருப்பினால் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிடலாம். விடுமுறையில் உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று இயக்குநரே ஒப்புக்கொண்டார். ஒருவர் இன்றுக்காரர். தன் கோட்டிலேயே ஓட்டையை ஓட்டையாக விட்டுத் திட்டு வாங்கியவர், அடுத்தவர் கோட்டை உட்கார்ந்து அடைக்கமாட்டார். இன்னொருவர், ஓட்டை இருந்தால் நிரப்புவதே தினசரி வேலை என்றவர். நிரப்பிய பழக்கத்தில் சராசரியை எடுத்துப் போட்டுவிட்டார். உண்மையான இயந்திரத்துக்கு விக்கல் வரும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அக்காள் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

தம்பி மறுக்கவில்லை. வெயிலில் மின்சாரம் போனது, நிறுத்தினால் மாதக்கணக்கான ஓட்டம் பாழாகும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றுதான் திருப்பினேன், விடுமுறை முடியும்வரை வரவில்லை என்றார். தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்து, "லட்சக்கணக்கான பேர் பொழைக்கிற விஷயம்க்கா அது. உன்னை மோசடிக்காரின்னு சொல்வாங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல" என்றார்.

"சொன்னப்ப நெனைச்சிருக்கலாமே" என்றார் அக்காள்.

ஸ்டூடியோக்காரர் தன் நாற்காலியைத் தம்பியிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். தினமும் வீட்டுக்குப் போய், கண் கலங்கி, ராஜினாமாவை எழுதச் சொன்னவன் இவன். அவருக்கும் ஒரு அக்காள் உண்டு. அவள் உப்பைத் தின்றுதான் அவரும் ஆளானார்.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். மின்தடையால் சேதம் என்று ஒரு வரி போட்டால் போதும், அம்மாள் பெயரும் கெடாது, நிலையத்தின் பெயரும் கெடாது, நாளைக் கணக்கு வெளியாக வேண்டிய நேரத்தில் வேறு பேச்சு வேண்டாம் என்றார். அவர் கவலை அவருக்கு.

"அந்தக் கணக்கு சரின்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று நிதானம் கேட்டார். அக்காள்தான் பதில் சொன்னார்.

"அதே கணக்கைப் பின்னாடி ஓட்டி, அந்தக் காலத்தைச் சரியா சொல்லுதான்னு பாப்போம். அப்படித்தான் பேசி வெச்சிருந்தோம். என் பனிக்கட்டியை வெச்சுப் பாக்கறதா." தம்பியைப் பார்த்தார். "இப்ப எதை வெச்சுப் பாப்பே?"

தம்பியின் முகத்தைப் பார்த்தபோதுதான், கணக்கைக் காப்பாற்றப்போய் அதைச் சரிபார்க்க இருந்த ஒரே வழியை அவர் உருக்கிவிட்டார் என்று ஸ்டூடியோக்காரருக்கு முழுதாகப் புரிந்தது.

அக்காள் கைப்பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். இந்தச் சில்லு வெள்ளையாக, பால் கலந்தது போலிருந்தது. தம்பி வேலைக்குச் சேர்ந்த நாளில் வெட்டியதில் மிஞ்சியது, ஆசைக்காக வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், ஆராய்ச்சிக்கு உதவாது என்றார். தம்ளரில் போட்டார். படபடவென்று மெல்லிய சத்தம் கிளம்பியது. ஸ்டூடியோக்காரர் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. அறையிலிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. இன்றுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் குறைந்து, விட்டுவிட்டு வந்து, நின்றுபோனது.

அம்மாள் தம்ளரைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு. உன் மெஷினுக்குச் சூடா இருந்தா இதையும் ஊத்திக்கோ."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் வெயில் அப்படியே நின்றது. வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டதற்கு, வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார்.